பழங்குடி மொழிகள் குறைபட்டவையா?

கேள்வி: எழுத்தில்லாத பழங்குடி மொழிகளில் ஒலிகள்கூட நிலையாக இருப்பதில்லை என்று படித்தேன். அவை வளர்ச்சி குறைந்த மொழிகள்தானா?

பதில்: இல்லை. அமெரிக்கப் பழங்குடிகள் ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக ஒலிக்கிறார்கள், அது ஆதிநிலையின் அடையாளம் என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் எழுதியது உண்மை. மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1889இல் ஒரு கட்டுரையில் இதை மறுத்தார். பாஃபின் தீவில் இனுயிட் மக்களிடையே தாம் எடுத்த குறிப்புகளையே அவர் சான்றாக வைத்தார். ஒரே சொல்லை அவரே பலவிதமாக எழுதியிருந்தார். தடுமாறியது பேசியவரின் நாக்கு அல்ல, எழுதியவரின் காது. நம் தாய்மொழியில் இல்லாத ஒலியை, அதற்கு நெருக்கமான பழகிய ஒலியாகவே கேட்கிறோம். நெருக்கமானவை இரண்டு இருந்தால் ஒருமுறை இது, மறுமுறை அது. நம் ழகரமே சாட்சி. ஐரோப்பியர் சோழரை ‘சோலா’ என்று எழுதினர். சோழமண்டலத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் ‘கோரமண்டல்’ என்ற பெயரிலோ அதே ழகரம் ரகரமாகிவிட்டது. இதனால் தமிழ் நிலையற்ற மொழி என்று யாராவது சொன்னால் ஏற்போமா?

ஒரே மொழிக்குள்ளும் உச்சரிப்பு மாறுகிறதே என்று கேட்கலாம். மாறுகிறது, ஆனால் ஒழுங்கோடு மாறுகிறது. தென்மாவட்டங்களில் ‘பளம்’, சென்னைப் பேச்சில் ‘பயம்’ என்பவை அந்தந்த வட்டாரத்தின் சீரான வழக்குகள். அறிவியல் சொற்கள் இல்லையே என்பது இன்னொரு வாதம். தேவை வரும்போது எந்த மொழியும் சொல் ஆக்கும், கடன் வாங்கும். ஆங்கிலம் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டதற்குக் கணக்கில்லை.