போர் வரலாறு எழுத வரும் இளையவர்களுக்கு

அரசின் போர் வரலாற்றுப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே! கோப்புகளைப் பிரிப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். எதை விட்டுவிட்டு எழுதுகிறீர்களோ, அதன் பழி நூலுக்குள் இருப்பவர் தலையில் விடியும். 1962 சீனப் போரை வைத்தே சொல்கிறேன்.

1. முதல் குண்டிலிருந்து தொடங்காதீர்கள். அக்டோபர் 20-இல் கதையைத் தொடங்கினால் தோற்றவன் சிப்பாய் மட்டும்தான். 1959-இல் லோங்ஜுவிலும் கோங்கா கணவாயிலும் நடந்த மோதல்கள், அதன்பின் எல்லையில் முன்னேறிச் சாவடிகள் போடச் சொன்ன கொள்கை, இவையெல்லாம் போரின் பகுதிகளே. நவம்பர் 21 போர்நிறுத்தத்தோடும் முடிக்காதீர்கள். போர்க்கைதிகள் திரும்பியதையும் படை திருத்தி அமைக்கப்பட்டதையும் எழுதுங்கள்.

2. முடிவெடுத்த இடத்துக்குப் போங்கள். போருக்குப் பின் தோல்வியை ஆராய அமர்த்தப்பட்ட ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் இருவரிடமும் ஆராயச் சொன்னவை பயிற்சி, தளவாடம், கட்டளை அமைப்பு, வீரர்களின் உடல்திறன், தளபதிகளின் திறமை ஆகிய ஐந்து. டெல்லியில் அரசு எடுத்த முடிவுகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. வரலாற்று நூலுக்கு அந்த வரம்பை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள்.

3. சோறும் துணியும் மருந்தும் பின்னிணைப்பு அல்ல. நம்கா சூ ஆற்றங்கரையில் 7-வது பிரிகேடின் வீரர்கள் பலர் அந்தக் குளிரில் பருத்திச் சீருடையில் நின்றார்கள். அவர்களுக்காக த்சாங்தரில் விமானம் போட்ட மூட்டைகளில் பல, எடுக்க முடியாத சரிவுகளில் விழுந்தன. இதை எழுதாமல் அங்கே நடந்த தோல்வியை விளக்கவே முடியாது. இதற்கு முன்மாதிரியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகளின் வரலாற்றை நாடு பிரிந்த பிறகும் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து எழுதின. அதில் மருத்துவப் பணிக்கும் போர்க்காலப் பொருளாதாரத்துக்கும் தனி நூல்கள் உண்டு.

4. நடக்காததையும் எழுதுங்கள். 1962-இல் நம் போர் விமானங்கள் தாக்குதலில் இறங்கவில்லை. ஏன் இறக்கவில்லை என்பதற்கு ஓர் அதிகாரம் வேண்டும்.

5. எதிரியின் ஆவணம் கிடைத்தால் படியுங்கள். அவர்கள் திட்டம் தெரியாமல் நம் தளபதியை எடைபோட முடியாது.

6. பதக்கம் பெற்றவரோடு நிற்காதீர்கள். லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கோடு மடிந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களுடைய பெயரும் ஊரும் நூலில் இருக்க வேண்டும். முதல் உலகப் போரின் ஆஸ்திரேலிய வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் பீன், சாதாரணச் சிப்பாய்க்கும் அடிக்குறிப்பில் ஊரும் தொழிலும் கொடுத்தார். அதைப் பின்பற்றுங்கள்.

7. காலம் கடத்தாதீர்கள். 1962 போரின் அதிகாரபூர்வ வரலாறு 1992-இல்தான் தயாரானது. அதுவும் உள்சுற்றுக்கு மட்டும். அதற்குள் சாட்சி சொல்லக்கூடிய பலர் மறைந்துவிட்டார்கள். போர் முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வரலாறு தொகுக்கப்பட வேண்டும் என்கிறது 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த கொள்கை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

8. நாட்டுப் பாதுகாப்புக்காகச் சிலவற்றை விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று முன்னுரையில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், அந்த நூலை நாளை பாடமாகப் படிக்கும் இளம் அதிகாரி தவறான பாடத்தோடு எல்லைக்குப் போவார். அதற்கு நீங்கள் காரணமாகிவிடாதீர்கள்.