மாரிகாலக் குளக்கட்டுக் காவலும் கிராம வாலிபரும்

1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் இலங்கையிற் பல குளங்கள் உடைப்பெடுத்தன. குளம் உடைந்தால் காலபோகப் பயிர் மட்டுமன்றி, விதைநெல்லும் வீடும் உயிரும் அழியும். ஆதலின் ஒவ்வொரு கிராமத்துக் கமக்காரரும் மாரிக்கு முன்னரே வாலிபரைத் தெரிந்து, காவல்முறை வகுத்தல் வேண்டும்.

முதலில், கட்டிலுள்ள எலிவளைகளையும் கறையான் புற்றுகளையும் வெட்டி, களிமண்ணிட்டு இறுக்குதல் வேண்டும். வான் பாயும் வழியிற் பற்றைகள் இருத்தலாகாது.

மழைநாளில் இருவர் இருவராகக் கட்டின் வெளிப்புற அடியைப் பார்வையிடல் வேண்டும். கசியும் நீர் தெளிவாயிருப்பின் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கலங்கி வரின், கட்டினுள் மண் அரிக்கப்படுகிறது என்பது பொருள். அக்கசிவை வெளிப்புறத்தில் அடைத்தலாகாது. அடைத்தால் நீர் வேறிடத்திற் பீறும். கசிவைச் சுற்றி மண்மூடைகளை வட்டமாக அடுக்கி நீரைத் தேங்கவிடின், அரிப்புத் தணியும். அதேவேளை, ஒருவர் ஓடிச்சென்று கீழ்ப்புறக் குடிகளை மேட்டுநிலத்துக்கு அனுப்புதல் வேண்டும். கட்டைப் பின்னர் திருத்தலாம். போன உயிர் மீளாது.