பதினொரு மணி வரை தூங்காத பையன்

கேள்வி: மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். பள்ளி விட்டு வந்து மதியம் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுகிறான். இரவு ஒன்பதுக்குப் படுக்க வைத்தால் தண்ணீர், பாத்ரூம் என்று எழுந்து எழுந்து வருகிறான். ஒன்பதரைக்குப் பனியன் கம்பெனியிலிருந்து அப்பா வந்துவிட்டால் தலைகால் புரியாத ஆட்டம். பதினொரு மணிக்கு அடி வாங்கி, அழுதுகொண்டே தூங்குகிறான். காலை 6.45-க்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில், அடிப்பதை நிறுத்துங்கள் அம்மா. பையன் அடம்பிடிக்கவில்லை, ஐந்து மணி வரை தூங்கியவனுக்கு ஒன்பதுக்குத் தூக்கம் வராது. அடி வாங்கி அழுதால் வருகிற தூக்கமும் கலைந்துவிடும்.

மூன்று முதல் ஐந்து வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்கள் வீட்டு நேரத்துக்கு, ஒன்பது மணிக் கணக்கை விட்டுவிடுங்கள். 9.45-க்குத் தூங்கி 6.45-க்கு எழுந்தால் ஒன்பது மணி நேரம். மதியம் ஒரு மணி நேரம் தூங்கட்டும். மூன்று மணிக்குள் எழுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அதே நேரத்துக்கு எழ வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் திங்கட்கிழமை பழைய கதைதான்.

உடனே 9.45-க்குக் கொண்டுவர முடியாது. இப்போதைக்கு 10.45-க்கே படுக்க வையுங்கள். சீக்கிரம் தூங்கத் தொடங்கியதும் மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு வாரத்தில் வழிக்கு வந்துவிடுவான்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டியூப் லைட், டி.வி., செல்போன் மூன்றையும் அணைத்துவிடுங்கள். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பை வெளிச்சம் குறைக்கும். சிறு பிள்ளைகளிடம் இது பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்கள் சீரியல் பார்ப்பதானால் குழந்தை படுக்கும் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். மாலையில் டீ, காபி வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், பல் தேய்ப்பது, பாத்ரூம், இரண்டு வாய் தண்ணீர், பிறகு பாய்: தினமும் இதே வரிசை. எழுந்து வந்தால் பேச்சு வளர்க்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள்.

அப்பாவை அவனிடமிருந்து பிரிக்க வேண்டாம். நாளெல்லாம் காத்திருந்த பிள்ளை அது. வந்ததும் அவர் கைகால் கழுவிவிட்டு, மங்கலான விளக்கில் பக்கத்தில் படுத்து ஒரே ஒரு கதை சொல்லட்டும், சாப்பாடு அதற்குப் பிறகு. நேற்றுச் சொன்ன காக்கா கதையையே கேட்டால் அதையே சொல்லலாம். தெரிந்த கதையில்தான் கண் சொருகும். தூக்கிப்போட்டுப் பிடிக்கும் விளையாட்டெல்லாம் ஞாயிறு காலைக்கு இருக்கட்டும்.

தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கவே கூடாது. தினமும் குறட்டை விட்டாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ அடினாய்டு வீக்கம் இருக்கலாம். இரவில் கால் குடைகிறது என்று புரண்டுகொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். இரண்டில் எது இருந்தாலும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.