மெனு வரவில்லையா? ஃபார்மட் போடும் முன்...



ஒரே ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்களை வைத்துக்கொண்டு, ஆன் செய்ததும் வரும் மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு டூயல் பூட் என்று பெயர். இது நமக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழியாக வந்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை!

இந்த மெனு ஒருநாள் வராமல் போனால், "பார்ட்டிஷன் போச்சு, ஃபார்மட் போடணும்" என்பதுதான் நாம் கேட்கும் முதல் வார்த்தை. பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

பழைய மெஷின்களில் டிஸ்க்கின் முதல் செக்டருக்கு எம்.பி.ஆர். என்று பெயர். மொத்தமே 512 பைட். அதில் முதல் 446 பைட்டுக்குள் இருப்பது மெஷினை எழுப்பிவிடும் சின்ன புரோகிராம். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் டேபிள். ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பார்ட்டிஷனுக்கு இடம். கடைசி 2 பைட் வெறும் அடையாளம். 446-ல் கோளாறு என்றால் பூட் ஆகாது. 64-ல் கோளாறு என்றால் பார்ட்டிஷன் தெரியாது. நம்முடைய ஃபைல்கள் இந்த இரண்டிலுமே இல்லை; டிஸ்க்கின் உள்ளே அவை பாட்டுக்குக் கிடக்கும்.

எங்கள் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதும் அக்கா, தன்னுடைய பழைய மடிக்கணினியைக் கொண்டு வந்தார். ஒரு கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அதன்பிறகு லினக்ஸ் வரவில்லை. மூன்று வருடக் கணக்கும் அந்தப் பக்கம்தான். ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "தம்பி, கணக்கெல்லாம் போயிருச்சா?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியெல்லாம் அதில்தான் இருக்கிறதாம்.

நடந்தது இவ்வளவுதான். விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது அந்த 446 பைட்டில் தன் புரோகிராமை எழுதிக்கொண்டது. அங்கே இருந்த கிரப் அழிந்தது. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதற்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்தால், "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். அங்கே 'ஓகே' கொடுத்தால் போச்சு!

பென்டிரைவில் லைவ் டெபியன் போட்டு பூட் செய்தேன். லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, முதலில் கணக்கு ஃபைல்களை வேறொரு பென்டிரைவில் காப்பி எடுத்தேன். ரிப்பேர் எல்லாம் அதற்குப் பிறகுதான். பிறகு கிரப்-இன்ஸ்டால் கட்டளை. இதில் எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கையும் சொல்ல வேண்டும். எஸ்டிஏ5 என்று பார்ட்டிஷனைச் சொல்லக்கூடாது. லினக்ஸுக்குள் நுழைந்ததும் அப்டேட்-கிரப். கிரப் 2.06-லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடாது. செட்டிங்கில் நாம்தான் இயக்க வேண்டும். இல்லையென்றால் மெனுவில் விண்டோஸைக் காணோம் என்று அடுத்த பஞ்சாயத்து வரும்.

'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை வந்தால் கதை வேறு. 446 பைட் உயிரோடு இருக்கிறது. கிரப்பின் மீதி ஃபைல்கள் இருந்த பார்ட்டிஷனைக் காணவில்லை என்று பொருள். விண்டோஸில் இருந்துகொண்டு யாராவது லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் செய்தாலோ, பார்ட்டிஷன் எண்கள் மாறினாலோ இப்படி வரும். எல்எஸ் என்று அடித்தால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் தேடி, பூட் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதை பிரிஃபிக்ஸில் கொடுத்து, நார்மல் மாட்யூலை ஏற்றினால் மெனு வந்துவிடும்.

டேபிளே அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். டிஸ்க் முழுவதும் தேடி, ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்தையும் கண்டுபிடித்து டேபிளை மறுபடி எழுதும். அது காட்டும் பட்டியலில் ஃபைல்களின் பெயர் தெரிகிறதா என்று பார்த்த பிறகே 'ரைட்' கொடுக்கணும். டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் மென்பொருளையே தொடாதீர்கள், பவரை நிறுத்துங்கள்.

புதிய மெஷின்களில் எம்.பி.ஆருக்குப் பதில் ஜி.பி.டி. இருக்கும். டேபிளின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருப்பதால் நிம்மதி. ஆனால் செக்யூர் பூட் என்ற புதுத் தலைவலி உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டால் உலகெங்கும் பல டூயல் பூட் மெஷின்களில் லினக்ஸ் ஏறவில்லை. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. லினக்ஸின் பழைய பூட் லோடரை நம்பக்கூடாது என்று அந்த அப்டேட் மெஷினிடம் சொல்லிவிட்டது. செட்டப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தியவர்களுக்கு லினக்ஸ் வந்தது. அப்போதும் ஃபார்மட் போட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

உங்களிடம் பழைய மெஷின் இருந்தால் இன்றே டிடி கட்டளையால் முதல் 512 பைட்டைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் விவரம் இதில் வராது. எஃப்டிஸ்க் காட்டும் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி மெஷின் பையிலேயே வைத்துவிடுங்கள். பூட் மட்டும் கெட்டால் 446 பைட்டை மட்டும் திருப்பி எழுதுங்கள். இடையில் பார்ட்டிஷனை மாற்றியிருந்தால், 512-ஐயும் எழுதியதும் பழைய டேபிள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.