மருந்து பட்டுக் கருகிய வாழைக்கு

பதுளை ஸ்பிரிங்வெளி லயத்துத் தோட்டங்களில் சவர்க்காரத் தூளும் மண்ணெண்ணெயும் கலந்து அடித்து வாழை கருகினால், உடனே வெட்டிச் சாய்க்காதீர்கள். இலையின் இருபுறமும் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். பாதி பச்சையாக இருக்கும் இலையை விட்டுவிடுங்கள். மரத்துக்குச் சோறு போடுவது அதுதான்.

பிறகு குருத்தைப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் பயமில்லை. அழுகி நாறினால் நல்ல தண்டு தெரியும்வரை வெட்டுங்கள். குலை தள்ளும் பருவம் நெருங்காத மரமென்றால் வளரும் முனை அடிக்கிழங்கில்தான் இருக்கும், புது இலை வரும். வராவிட்டால் பக்கக்கன்று இருக்கவே இருக்கிறது. யூரியா இப்போது வேண்டாம், அடியில் சருகு போதும். பதுளைக் குளிரில் பொறுமை வேண்டும்.

அடுத்தமுறை எதை அடித்தாலும், வெயில் தாழ்ந்தபின் ஓர் இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சந்தேகமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.