சட்டைகளுக்குப் பின்னால் இருந்த டப்பா

பொங்கலுக்கு ஒட்டடை அடித்து அலமாரியை ஒழித்தபோது அந்த வெள்ளை டப்பா அக்காவின் கையில் சிக்கியது. என் சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். உள்ளே முப்பது மாத்திரைகளும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலமும். லேபிளில் இருந்த பெயரைச் செல்போனில் தட்டிப் பார்த்திருக்கிறாள். வேலை முடிந்து நான் வந்தபோது டப்பா சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. “எத்தனை நாளாடா உனக்கு இந்த நோய்?” என்று கேட்டாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

நான் தன்பாலீர்ப்பாளன் என்பது அக்காவுக்கு முன்பே தெரியும். எனக்கு எச்.ஐ.வி இல்லை. வராமல் இருப்பதற்காகத்தான் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். ‘ப்ரெப்’ என்பார்கள். அன்று இரவு அவள் கேட்டவை பலர் மனத்திலும் இருக்கும் கேள்விகள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை: இந்த மாத்திரை போடுகிறவருக்கு எச்.ஐ.வி இருக்கிறது.

உண்மை: தொற்று இல்லாதவர்களுக்கு மட்டும்தான் ப்ரெப். இதிலுள்ள டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் எச்.ஐ.வி சிகிச்சையிலும் பயன்படுவதால் இந்தக் குழப்பம். சிகிச்சையில் இவற்றோடு வேறு மருந்தும் சேரும். தொற்று இருப்பது தெரியாமல் இவற்றை மட்டும் விழுங்கினால், வைரஸ் இந்த மருந்துகளுக்கு அடங்காததாக மாறிவிடலாம். அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

நம்பிக்கை: ஒரு மாத்திரையால் எச்.ஐ.வியைத் தடுக்க முடியாது.

உண்மை: முடியும். நம் ரத்த அணுவுக்குள் நுழையும் வைரஸ், தன் மரபுச் செய்தியை டிஎன்ஏவாகப் படியெடுத்தால்தான் பெருகும். சங்கிலிக்கு வளையம் வளையமாகக் கோப்பதுபோல அந்த வேலை நடக்கிறது. மாத்திரையிலுள்ள மருந்து, அடுத்ததைக் கோக்க இடமில்லாத வளையமாகப் போய் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

ஆறு நாடுகளில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கைகளுமாகச் சுமார் 2,500 பேரிடம் நடந்த ‘ஐப்ரெக்ஸ்’ ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களிடம் மொத்தத்தில் தொற்று 44 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் வாங்கிய மாத்திரையைப் பலர் ஒழுங்காகப் போடவில்லை. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் பாதுகாப்பு 90 சதவீதத்தையும் தாண்டியது. 2012-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. ஆபத்து அதிகமுள்ள எல்லோருக்கும் தரலாம் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தவறாமல் போட்டால், உறவு வழியாக வரும் தொற்று சுமார் 99 சதவீதம் குறையும். ஆனால் போட்ட அன்றே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. தினமும் போடும் முறையில், ஆணோடு உறவுகொள்ளும் ஆணுக்கு ஏறத்தாழ ஏழு நாளாவது ஆக வேண்டும்.

நம்பிக்கை: தினமும் போட்டால் கிட்னி போய்விடும்.

உண்மை: பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஆவதில்லை. முதல் சில வாரம் எனக்குக் குமட்டல் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடத் தொடங்கியதும் நின்றுவிட்டது. சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறனும் எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறையலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இது பொருந்தாமல் போகலாம். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி சோதனையும் முக்கியம். அந்தக் கிருமியையும் இந்த மருந்து அடக்கி வைக்கும் என்பதால், அது உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்படலாம். நண்பனின் டப்பாவிலிருந்து நாலு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

நம்பிக்கை: மாத்திரை இருந்தால் வேறெதற்கும் பயப்பட வேண்டாம்.

உண்மை: சிஃபிலிஸ், கொனோரியா போன்றவற்றை இது தடுக்காது. அவற்றிலிருந்து காக்க ஆணுறை வேண்டும். மூன்று மாதப் பரிசோதனையில் இவற்றையும் பார்த்துக்கொண்டால், வந்தாலும் சீக்கிரமே குணப்படுத்தலாம்.

நம்பிக்கை: இது ஒழுக்கம் கெட்டவர்களுக்கான மாத்திரை.

உண்மை: என்னை அதிகம் காயப்படுத்திய பேச்சு இதுதான். நான் முதலில் பார்த்த மருத்துவர், “கல்யாணம் பண்ணிக்கோங்க, இதெல்லாம் தேவைப்படாது” என்று சீட்டை மூடி வைத்துவிட்டார். அந்த அறிவுரை பொய். கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த பெரிய ப்ரெப் ஆய்வில் சேர்ந்தவர்கள், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த ஆண்-பெண் தம்பதிகள். எச்.ஐ.வி தாலியைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. தொற்று உள்ளவரும் ஒதுக்கப்பட வேண்டியவர் அல்ல. அவர் சிகிச்சையைத் தொடர்ந்து, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உறவின் மூலம் யாருக்கும் பரவாது.

அந்த மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்த பிறகு இரண்டு வருஷம் நான் எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. காய்ச்சல் வந்தால்கூட ராத்திரி தூக்கம் வராது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தபடியே விடியும். இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நான் இருக்கும் இதே சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததால் தெரிய வந்தது. அதே ஊரில், சோதித்துப் பார்க்கப் பயந்து நான் இருட்டில் கிடந்தேன். மாத்திரை வேண்டுமென்றால் பரிசோதனை வேண்டும் என்ற கட்டாயம்தான் என்னை எழுப்பிக் கூட்டிப்போனது.

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம். ஆபத்தான உறவு ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் ப்ரெப்புக்குக் காத்திருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய வேறு மருந்து இருக்கிறது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் அக்காவின் கையெழுத்தில் இருக்கும். இந்த மாதம் பதினெட்டாம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கீழே எழுதியிருக்கிறாள்: “தம்பிக்கு ரத்த டெஸ்ட். நானும் கூடப் போகணும்.”