அழுதவனைத் தேடி வந்த ஆண்டவர்

வேதபாடம்: லூக்கா 22:31-34, 54-62, யோவான் 21:1-19



பாவத்தை அறிக்கையிட்ட பின்னும் அதன் துக்கத்தினின்று எழ முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. மன்னிப்பு உண்டென்று பிறருக்குப் போதிப்பார்கள். தங்களுக்கும் அது உண்டென்று நம்பத் துணியமாட்டார்கள். முழங்காற்படியிட்டால் செய்த பாவமே கண்முன் நிற்கும். நாளடைவில் ஜெபம் குறையும், திருவிருந்தைத் தவிர்ப்பார்கள், ஏற்றிருந்த ஊழியத்தையும் விட்டுவிடுவார்கள். அத்தகையோர் தியானிக்க ஏற்றது பேதுருவின் சரித்திரம்.

1. விழுமுன்னே ஏறெடுக்கப்பட்ட ஜெபம்

பேதுரு மறுதலிக்கப்போவதைக் கர்த்தர் முன்னறிவித்தார். ஆனால் அதைச் சொல்லுமுன்பே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி தாம் வேண்டிக்கொண்டதைத் தெரிவித்தார். அவன் திரும்பி வந்தபின் செய்யவேண்டிய வேலையையும் குறிப்பிட்டார். சகோதரரைத் திடப்படுத்துவதே அந்த வேலை. நமது வீழ்ச்சி நம்மைத்தான் திடுக்கிடச் செய்கிறது, அவரையல்ல. நாம் வழிதவறுமுன்பே, திரும்பி வரும் வழியை அவர் ஆயத்தம்பண்ணியிருக்கிறார்.

2. இருவகைத் துக்கம்

அதே இரவில் யூதாசும் பாவம் செய்தான், அவனும் துக்கப்பட்டான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டு 30 வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொடுத்தான் (மத்தேயு 27:3-5). ஆயினும் பிரதான ஆசாரியரிடம் அவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அது உன் பாடு என்று கைகழுவினார்கள். தன் துக்கத்தோடு தனிமைக்குள் போனான், அழிந்தான்.

பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் உயிர்த்தெழுதலின் காலையில் அவனை மற்றொரு சீஷனுடன் காண்கிறோம் (யோவான் 20:2). தலைகுனிவோடேனும் அவன் சகோதரரோடு தங்கியிருந்தான். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலுக்கும், லௌகிக துக்கம் மரணத்துக்கும் நடத்தும் என்று பவுல் வேறுபடுத்துகிறார் (2 கொரிந்தியர் 7:10). கண்ணீரின் அளவைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. அது நம்மை யாரிடத்தில் கொண்டுசேர்க்கிறது என்பதே அடையாளம். பிரியமானவர்களே, குற்றவுணர்வின் பாரத்தால் வாழ்வே வேண்டாம் என்று தோன்றுமானால், ஒரு மணிநேரமும் தனித்திராதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரை உடனே நாடுங்கள்.

3. கரிநெருப்பண்டையில்

பேதுரு மறுதலித்தது பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது (யோவான் 18:18). பின்பு திபேரியா கடற்கரையில் ஆண்டவர் சீஷருக்குப் போஜனம் ஆயத்தம்பண்ணியதும் கரிநெருப்பில்தான் (யோவான் 21:9). அதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது.

முதலில் அவர் போஜனம் கொடுத்தார். பின்பே கேள்வி கேட்டார். மூன்றுதரம் மறுதலித்தவனிடம் அன்பைக் குறித்து மூன்றுதரம் கேட்டார். மூன்றாம் கேள்வி பேதுருவைத் துக்கப்படுத்தியது. காயத்தைத் தொடாமல் மருந்திட முடியுமோ? இனி விழமாட்டேன் என்ற வாக்குறுதியை அவர் கேட்கவில்லை. முன்பு அளித்த அத்தகைய வாக்குறுதி எப்படி முடிந்தது என்பதை இருவரும் அறிவார்கள். பேதுருவும் தன் உறுதியைச் சாட்சியாக்காமல், எல்லாம் அறிந்த ஆண்டவரின் அறிவையே சாட்சியாக்கினான். ஒவ்வொரு பதிலுக்கும் பின் மந்தையின் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்பட்டது.

4. கிழிந்த வலையும் தேவ கரமும்

பிற்காலத்தில் பேதுரு, கிருபை பொருந்திய தேவன் தம் ஜனத்தைச் சீர்ப்படுத்துவார் என்று எழுதினார் (1 பேதுரு 5:10). யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் மாற்கு 1:19-ல் உள்ள கிரேக்க வினைச்சொல்லே இங்கும் வருகிறது. கிழிந்துவிட்டதென்று செம்படவன் வலையை எறிந்துவிடுவதில்லை. கரையில் அமர்ந்து, விரித்து, கிழிசலைத் தேடி, கண்ணி கண்ணியாய் முடிகிறான். அதற்கு நேரம் செல்லும். கிழிசலை மறைத்துக்கொண்டால் பழுதுபார்க்கவும் இயலாது.

ஆகவே சீர்ப்படுதலை விரும்புகிறவர், தம்மால் அநியாயம் அடைந்தவரிடம் சென்று ஒப்புரவாக வேண்டும். எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவேண்டும். தாவீதின் பாவம் மன்னிக்கப்பட்டது, விளைவுகளோ நீங்கவில்லை (2 சாமுவேல் 12:13-14). மன்னிப்பு உடனே கிடைக்கும். இழந்த நம்பிக்கையும் பொறுப்பும் திரும்பக் காலம் செல்லலாம். அந்தக் காத்திருப்பும் தேவன் பழுதுபார்க்கும் காலமே. பேதுருவும் அந்தியோகியாவில் மறுபடியும் தடுமாறி, பவுலால் வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்டார் (கலாத்தியர் 2:11-14). அப்போதும் தேவன் அவரைத் தள்ளிவிடவில்லை.

மறுதலிப்பு நடந்த அதே எருசலேமில், சில வாரங்களுக்குள் பேதுரு எழுந்து நின்று பிரசங்கித்தார். ஏறக்குறைய 3,000 பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 2:41). பின்பு தேவாலயத்தில், ஜனங்கள் பரிசுத்தரை மறுதலித்தார்கள் என்று உணர்த்தி, அவர்களை மனந்திரும்ப அழைத்தார் (அப்போஸ்தலர் 3:14, 19). மறுதலித்தல் என்ற சொல்லைத் தம் வாயால் சொல்ல அவருக்கு எத்தனை கூச்சம் இருந்திருக்கும்! ஆனால் மன்னிப்பு பெற்றவரானபடியால், அச்சொல்லைத் தாண்டிச் செல்லும் வழியையும் அவரால் காட்ட முடிந்தது.

அன்பானவர்களே, நீங்கள் சிந்திய கண்ணீரை ஆண்டவர் அறிவார். கரையில் அவர் காத்திருக்கிறார், போஜனமும் ஆயத்தமாயிருக்கிறது. படவிலேயே தங்கிவிடாதிருங்கள்.

சிந்தனைக்கு:
என் துக்கம் என்னை ஆண்டவரிடத்திற்கு நடத்துகிறதா, அவரைவிட்டு மறையச் செய்கிறதா?
நான் ஒப்புரவாக வேண்டியவர் யார்? அதை இந்த வாரத்தில் எவ்விதம் தொடங்குவேன்?
விழுந்த சகோதரன் ஒருவன் திரும்பி வருவதற்கு நம் சபையில் இடம் உண்டா?